கதவக்கா சுட்ட பாவ்லோவா

அந்த ஹோட்டலின் இனிப்புப் பிரிவில் அவளைக் கதவக்கா என்று சொன்னால்தான் யாருக்கும் தெரியும். பதினாறு வருடமாக அங்கே வேலை செய்கிறாள். கைமணத்துக்குக் குறைவில்லை. ஆனால் ஓவனுக்குள் ஏதாவது வெந்துகொண்டிருந்தால் அவளுக்கு இருப்புக்கொள்ளாது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிடுவாள்.

"கண்ணாடி வழியாப் பாரு தாயே!" என்று தலைமைச் சமையல்காரர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"கண்ணாடில பாத்தா பாத்த மாதிரியே இல்ல சார்."

முட்டை நுரையால் உப்பி எழும் பிரெஞ்சுக்காரர்களின் சூஃப்லே அவளால் எத்தனையோ முறை அமுங்கிப்போனது. உப்பி வந்துகொண்டிருந்த கிரீம் பஃப்கள் சப்பையாகின. சமையல்காரர் பார்த்தார். திறந்தாலும் கோபித்துக்கொள்ளாத பண்டங்களாகத் தேடி அவளுக்கு ஒதுக்கினார்: பக்லாவா, பிரெட் புட்டிங், ஆப்பிள் கிரம்பிள். அவற்றில் அவளை அடிக்க ஆளில்லை.

பண்டங்களை மாற்றிக் கொடுக்கலாம், பெற்ற மகளை மாற்ற முடியுமா? போன வருடம் மகள் தன் அறையில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து ஒரு வேலைக்கு இன்டர்வியூ கொடுத்துக்கொண்டிருந்தாள். நாற்பது நிமிடத்தில் கதவு மூன்று முறை திறந்தது. முதலில் டீ வேணுமா என்று. பிறகு ஃபேன் போடட்டுமா என்று. மூன்றாவது முறை தலையை நீட்டி, "இவ்ளோ நேரமா யார்கூடடி பேசுற?" என்று கேட்டது திரையில் இருந்த மூன்று பேருக்கும் தெளிவாகக் கேட்டது.

வேலை கிடைக்கவில்லை. மகள் அந்த வாரமே பெட்டியைக் கட்டிக்கொண்டு ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். பதினான்கு மாதமாகப் போனில் "சாப்பிட்டியா?", "ம்" என்பதோடு சரி. தப்பு தாய்மேல்தான், அதில் சந்தேகமே வேண்டாம். தப்பென்று தெரிந்தால் மட்டும் கை சொன்னபடி கேட்டுவிடுமா என்ன!

திடீரென்று ஒருநாள் மகளே கூப்பிட்டாள்.

"ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு இன்டர்வியூ. ஹாஸ்டல்ல நெட் சரியில்ல, வீட்டுக்கு வரேன். ஆனா கதவ மட்டும் திறந்த, அப்புறம் இந்த ஜென்மத்துல அந்த வாசப்படி ஏற மாட்டேன்."

"திறக்க மாட்டேன்டி."

"சத்தியமா?"

"உங்கப்பா மேல சத்தியம்."

"என்ன ஏன்டி இழுக்குற?" என்றார் பக்கத்தில் நின்ற அப்பா.

ஞாயிற்றுக்கிழமை கைக்கு ஒரு வேலை வேண்டும் என்று அவள் பாவ்லோவா செய்ய ஆரம்பித்தாள். முட்டையின் வெள்ளைக்கருவையும் சர்க்கரையையும் நுரைக்க அடித்து, மெல்லிய சூட்டில் சுடுகிற பண்டம். சுட்டு முடித்ததும் ஓவனை அணைத்துவிட்டு, கதவைத் திறக்காமல் உள்ளேயே ஆறவிட வேண்டும். குளிர்ந்த காற்றுப் பட்டால் விரிசல் விட்டுவிடும். இந்த உலகத்தில் எத்தனையோ பண்டம் இருக்க, அவள் இதைப் போய் ஏன் எடுத்தாள் என்று என்னைக் கேட்காதீர்கள். ஒருவேளை தன்னையே கட்டிப்போட நினைத்திருப்பாள்.

மூன்று மணிக்கு மகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். இவள் ஓவனை அணைத்தாள். காவலுக்கு ஹாலில் உட்காரவைத்த கணவர் பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டு குறட்டை விட ஆரம்பித்தார்.

உள்ளே பேச்சுக் கேட்டது. சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. அந்த நிசப்தம்தான் அவளைக் கொன்றது. கேள்விக்குப் பதில் தெரியவில்லையோ? தண்ணீர் கொண்டுபோனாளோ இல்லையோ? கால் தானாக நடந்தது, கை அறைக் கதவின் கைப்பிடிமேல் போயே விட்டது. சுட்டுவிட்டதுபோல் இழுத்துக்கொண்டு சமையலறைக்கு ஓடி ஓவனைத் திறந்தாள். ஒரு மணி நேரத்தில் நான்கு முறை இப்படி ஓடினாள். ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்கவில்லை. பாவ்லோவா குறுக்கே பிளந்து நடுவில் உள்வாங்கிவிட்டது. போகட்டும், சனியன் என்று அதை வெளியே எடுத்து மேடையில் வைத்தாள்.

நான்கு மணி ஆனது. நான்கே கால். பேச்சுமில்லை, மூச்சுமில்லை. இந்த முறையும் போய்விட்டது, பிள்ளை உள்ளே அழுதுகொண்டிருக்கிறாள் என்று முடிவே கட்டிவிட்டாள். இரண்டு கையையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள்.

அறைக் கதவு திறந்தது. மகள் சமையலறைக்கு வந்து அம்மாவின் நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள்.

"உடம்பு சரியில்லையாம்மா?"

"நல்லாத்தான இருக்கேன். ஏன்டி?"

"முடிஞ்சு இருபது நிமிஷம் ஆச்சு. இப்ப வருவ, இப்ப வருவன்னு கதவையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்."

அவள் அக்குளிலிருந்து கைகளை எடுத்தாள். எத்தனை கேள்வி சேர்த்து வைத்திருந்தாள், ஒன்றுகூட வெளியே வரவில்லை.

"கேளும்மா," என்றாள் மகள்.