பின்விளக்கில் பூசிய சந்தனம்

அமெரிக்காவில், பேர்லேண்டில் மயில்சாமியின் லாரிகளை ஓட்டுகிறவர்கள் அவர் கோபத்துக்குக்கூடப் பயப்படுவதில்லை. அவர் மனைவி கலாவதியின் டார்ச் லைட்டுக்குத்தான் பயப்படுவார்கள். நாமக்கல்காரி. கம்பெனியின் சேஃப்டி வேலை முழுக்க அவள் தலையில். விளக்கு எரியாத வண்டியை யார்டு கேட்டைத் தாண்ட விடமாட்டாள்.

எல்லாத் தப்புக்கும் ஒரே எடை இல்லை என்று டிரைவர்களிடம் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்துவிட்டது. ரோட்டில் போலீஸ் சோதனை போடும்போது பேப்பரில் ஏதாவது விட்டுப்போயிருந்தால் கம்பெனி கணக்கில் சின்ன அபராதப் புள்ளி. எரியாத விளக்கு, தேய்ந்த டயர், தூக்கக் கலக்கம் என்றால் பெரிய புள்ளி. எது விபத்தில் கொண்டுபோய் விடுமோ அதற்குத்தான் எடை அதிகம். புள்ளி ஏறினால் லோடு கொடுப்பவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். இவர்கள் கம்பெனி ஏற்கெனவே விளிம்பில்தான் நின்றது.

அப்படிப்பட்டவள்தான் ஆயுத பூஜையன்று, ஊர் வழக்கம் மாறாமல், ஒரு விளக்கு விடாமல் சந்தனத்தைக் குழைத்து அப்பிக் குங்குமம் வைத்தாள். பூஜைப் பொட்டைத் துடைக்க யாருக்கு மனசு வரும்? மறுநாள் இருட்டோடு அவள் தம்பி ரஞ்சித்குமார் லோடு ஏற்றிக் கிளம்பியபோது, பூஜை போட்ட வண்டிதானே என்று கலாவதி டார்ச் அடித்துப் பார்க்கவும் இல்லை. ஃப்ரீவேயில் போலீஸ் நிறுத்தியது. பின்விளக்கை மறைத்த குற்றம், பெரிய புள்ளி.

மயில்சாமி துள்ளினார். "இது சாமி விஷயம் கலா! ரிலிஜியஸ்னு எழுதி சேலஞ்ச் பண்ணு. புள்ளிய எடுத்துருவாங்க."

அவள் கம்ப்யூட்டரில் மனுவைப் பாதி எழுதியிருப்பாள், ரஞ்சித் போனில் கூப்பிட்டான்.

"அக்கா, போலீஸ் சும்மா நிறுத்தலக்கா. பின்னாடி வந்த காருக்கு என் வண்டியே தெரியல. கடைசி செகண்ட்ல பிரேக் அடிச்சு ரோட்டோர ஷோல்டர்ல போய் நின்னுச்சு. கார் சீட்ல ஒரு கொழந்தக்கா. யாருக்கும் ஒண்ணும் ஆகல."

கலாவதி எழுதியதை அழித்தாள்.

"புள்ளி இருந்துட்டுப் போகட்டுங்க."

"லோடு போயிரும் கலா."

"போனாப் போகுதுங்க. ரெண்டு வருசத்துல அந்தப் புள்ளி தானா அழிஞ்சிரும். அந்தக் கொழந்தைக்கு ஏதாச்சும் ஆயிருந்தா, அது எனக்கு எப்பங்க அழியும்?"



இருட்டியதும் ஈரத்துணியும் டார்ச்சுமாய் யார்டுக்குப் போனாள். மற்ற லாரிகள் பொட்டும் சந்தனமுமாய் நின்றன. தன் கையால் ஆசையாய் வைத்ததுதான். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. காய்ந்துபோன சந்தனம் துணிக்கு அசையவில்லை, நகத்தால் சுரண்டினாள். பின்னாலேயே வந்த மயில்சாமி அவளுடைய டார்ச்சை வாங்கி விளக்குப் பக்கமாகப் பிடித்தார்.