பாத்ரூமில் வழுக்கி விழுந்தவர்

எங்கள் தொழிற்சாலையில் தரை துடைக்கிறவர், ஒரு மஞ்சள் பலகையை விரித்து வைத்துவிட்டுத்தான் துடைப்பத்தைக் கையிலெடுப்பார். பலகையில் ஒரு மனித உருவம் காலைக் காற்றில் தூக்கி விழுந்துகொண்டிருக்கும். தரை ஈரம், கவனம் என்று அர்த்தம். தரை காய்ந்து அரை மணி ஆன பிறகும் பலகை நிற்கும். கால்வேக்கு வந்த புதிதில் எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. அயர்லாந்தின் மேற்குக் கரையில், வருஷத்தில் முக்கால்வாசி நாள் தூறிக்கொண்டே இருக்கிற ஊர் இது. தெருவெல்லாம் ஈரம்தான், அதற்கு யார் பலகை வைப்பது என்று வீட்டில் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

போன ஜனவரியில், பலகை இல்லாத ஒரு நாளில், நானே ஆபீஸ் பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன். முழங்கையில் சின்னச் சிராய்ப்பு. தட்டிவிட்டுக்கொண்டு வெளியே வந்தால் நோரா ஒரு படிவத்தோடு நிற்கிறாள். நோரா என்னோடு தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்ப்பவள். எது தவறினாலும் ஏன் தவறியது என்று எழுதி வைப்பதுதான் எங்கள் இருவருக்கும் சம்பளம் தரும் வேலை. எத்தனை மணிக்கு விழுந்தாய், எந்தக் கால் முதலில் சறுக்கியது, தரையில் இருந்தது தண்ணீரா சோப்பா என்று வரிசையாகக் கேட்டு எழுதினாள். கடைசியில் சாட்சி என்று ஒரு கட்டம். யாரும் பார்க்கவில்லை என்றேன். "எனக்குச் சத்தம் கேட்டது" என்று சொல்லி, அந்தக் கட்டத்தில் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் என்று கேட்டாள். எங்கள் ஊரில் ஒருவர் பாத்ரூமில் வழுக்கி விழுந்தார் என்றால் அதற்கு அர்த்தமே வேறு என்று சொல்ல ஆரம்பித்தேன். சென்னையில் இருக்கிற உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. போலீஸ் ஒருவனைப் பிடிக்கும். மறுநாள் அவன் கையில் மாவுக்கட்டோடு ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற போட்டோ வரும். கழிவறையில் வழுக்கி விழுந்ததாகக் கீழே ஒரு வரி இருக்கும். படிக்கிறவர்கள் எல்லாருக்கும் என்ன நடந்தது என்று தெரியும், எல்லாரும் சிரிப்பார்கள். என் இங்கிலீஷில் இந்தக் கேலி எங்கோ கழன்று விழுந்துவிட்டது போலிருக்கிறது. நோரா முகம் சுருங்கிப்போய், "அத்தனை பேரா? அந்தத் தரையை ஏன் யாரும் சரிசெய்யவில்லை?" என்று கேட்டாள். அன்றைக்கே இதை எங்கள் குடும்ப வாட்ஸப் குரூப்பில் போட்டேன். கண்ணில் நீர் தெறிக்கச் சிரிக்கும் முகங்கள் வரிசையாக வந்தன.

அந்தக் குரூப் இப்படிப்பட்டதுதான். மயிலாப்பூரில் அப்பா கட்டிய வீட்டில் இப்போது அண்ணனும் அண்ணியும் அம்மாவும் இருக்கிறார்கள். மற்றவர்கள் தி. நகர், அடையாறு, நியூ ஜெர்சி என்று சிதறிக் கிடக்கிறார்கள். ஒரு வருஷத்துக்கு முன் நோரா தன் காதலியைக் கல்யாணம் செய்துகொண்டபோது, பதிவு அலுவலக வாசலில் இரண்டு பெண்களும் மாலையில்லாமல், குடையோடு நிற்கிற போட்டோவைப் பெருமையாக அதில் போட்டேன். "இதுல மாப்பிள்ளை யாரு?" என்று அத்தை மகன் கேட்டான். அப்போதும் அதே சிரிப்பு முகங்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நம் நாட்டுச் சட்டம் இன்னும் இப்படிப்பட்டவர்களைத் தம்பதி என்று ஒப்புக்கொள்ளவில்லை, நீங்களாவது மனிதர்கள் என்று ஒப்புக்கொள்ளுங்கள் என்று ஒரு பக்கத்துக்கு எழுதித் தள்ளினேன். யாரும் பதில் போடவில்லை. நன்றாகப் பாடம் நடத்திவிட்டோம் என்று நானும் திருப்தியாக இருந்துவிட்டேன். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

பிப்ரவரியில் அம்மாவுக்காகக் கீழ்வீட்டு பாத்ரூமைப் புதிதாக்க முடிவு செய்தார்கள். வழுக்காத டைல்ஸ்தான் போட வேண்டும் என்று நான் இங்கிருந்து ஒற்றைக்காலில் நின்றேன். டைல்ஸ் போட வந்தவர் ஏழுமலை. அடையாற்றங்கரையில் பிறந்து வளர்ந்தவர். குடிசைகளை எடுத்தபோது பெரும்பாக்கம் அடுக்குமாடிக்கு அனுப்பப்பட்டு, அங்கிருந்து தினமும் பைக்கில் வேலைக்கு வருகிறவர். நாற்பது வயதிருக்கும். ஒரு வியாழக்கிழமை அண்ணி வீடியோ காலில் அவரைக் காட்டினார். எனக்கு இங்கே இன்னும் விடியவில்லை. ஏழுமலை இரண்டு கையிலும் இரண்டு டைல்ஸைத் தோளுயரத்துக்குத் தூக்கிப் பிடித்திருந்தார்.

"எத்த வேணா எடுத்துக்கங்க அக்கா. வாட்டம்தான் முக்கியம். தண்ணி ஓடிக்கினே இருக்கணும், நிக்கக் கூடாது. தண்ணி நிக்காத தரையில எவனும் வழுக்க மாட்டான்."

வாட்டம் என்றால் தண்ணீர் வடிவதற்காகத் தரைக்குக் கொடுக்கிற சரிவு. எனக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. எங்கள் தொழிற்சாலையில் பத்துப் பக்கத்துக்கு எழுதுவதை இவர் இரண்டு வரியில் சொல்லிவிட்டார் என்று நினைத்தேன். போன் திரையை அப்படியே படமெடுத்து, இடது பக்கம் இருப்பதையே போடச் சொல்லுங்கள் என்று குரூப்பில் போட்டேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அண்ணன் குரூப்பில் ஒரு போட்டோ போட்டான். அடையாறில் செயின் பறித்தவன் சிக்கினான் என்ற செய்தி. தலை குனிந்து, முகம் வீங்கி, வலது கையில் மாவுக்கட்டோடு ஒருவன். "பாவம், பாத்ரூம்ல வழுக்கிட்டாராம்" என்று அண்ணன் எழுதியிருந்தான். நான் மூன்று சிரிப்பு முகம் போட்டேன். அதோடு நின்றேனா? "நோராவைக் கூப்பிடுங்க, தரையைச் சரி பண்ணட்டும்" என்றும் எழுதினேன். எல்லாரும் ரசித்தார்கள். நானும் என் சாமர்த்தியத்தை ரசித்துக்கொண்டே வேலைக்குப் போனேன்.

மே மாதம் ஊருக்குப் போனேன். போன முதல் நாள் குளிக்கப் போனால், பாத்ரூமில் பாதித் தரைக்குத்தான் டைல்ஸ். மீதி சிமென்ட். மூலையில் தண்ணீர் தேங்கி நின்றது. அம்மா அதைத் தாண்டிக் காலை வைக்கப் பழகியிருந்தாள். ஏழுமலை ஏன் முடிக்காமல் போனார் என்று சாப்பாட்டு மேஜையில் கேட்டேன். அண்ணி தோசைக்கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணன்தான் சாதாரணமாகச் சொன்னான்.

"அவன்தான் அது. க்ரூப்ல போட்டேனே, மாவுக்கட்டு."

போடும்போது அவனுக்கும் அடையாளம் தெரியவில்லையாம். இரண்டு நாள் கழித்து ஏழுமலையின் மனைவி தேவி வீடு தேடி வந்திருக்கிறாள். செயின் பறிபோனது, வீடியோ காலில் அவரைப் பார்த்த அதே வியாழக்கிழமை பகல் பதினொன்றரை மணிக்கு. கேமராவில் தெரிந்த பைக்கும் ஏழுமலையின் பைக்கும் ஒரே நிறம். அவருடைய பெரும்பாக்கம் விலாசத்தைக் கேட்டதும் போலீசுக்கு மேற்கொண்டு எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. செயின் இன்றுவரை கிடைக்கவில்லை. அந்த நேரத்தில் அவர் உங்கள் வீட்டில்தானே வேலை செய்தார், அதை மட்டும் வந்து சொல்லுங்கள் என்று தேவி கெஞ்சியிருக்கிறாள். அண்ணன் யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டு, மூன்று மாதமாக யோசித்துக்கொண்டிருக்கிறான்.

"பதினோரு மணிக்கு நான்தான் டீ குடுத்தேன்" என்றார் அண்ணி, மெதுவாக.

"நீ சும்மா இரு" என்றான் அண்ணன். பிறகு என்னிடம், "உனக்கென்ன, ரெண்டு வாரத்துல ஃப்ளைட் ஏறிடுவ. நான் இந்தத் தெருவுலதான் இருக்கணும். நாளைக்கு ஸ்டேஷன்லேர்ந்து ஒருத்தன் வந்து வாசல்ல நின்னா யார் பதில் சொல்றது? அவன் எடுத்திருக்க மாட்டான்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டான்.

அவன் பயத்தை நான் பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் பயத்தைச் சொல்லும்போதே அவன் உதட்டோரத்தில் அந்தப் பழைய சிரிப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. கையை உடைத்தவனைவிட, உடைந்த கையைப் பார்த்துச் சிரித்துவிட்டு இரண்டாவது தோசை கேட்கிறவன் எனக்கு அன்றைக்கு அருவருப்பாக இருந்தான். எழுந்துபோய் என் போனை எடுத்தேன். குரூப்பில் மேலே தள்ளிக்கொண்டே போனேன். முதலில் வந்தது என் மூன்று சிரிப்பு முகம். அதற்கும் மேலே, இரண்டு டைல்ஸுக்கு நடுவே ஏழுமலையின் முகம். அந்த அருவருப்பை அண்ணன் ஒருவன் தலையிலேயே கட்டிவிட முடியாது என்று அப்போதுதான் புரிந்தது.

அண்ணியிடம் தேவியின் நம்பரை வாங்கி, மறுநாள் ஏழுமலையின் வக்கீலைத் தேடிப் போனேன். அவருக்காக வழக்கு நடத்துகிற ரெஹானா, லஸ் கார்னர் பக்கத்தில் ஒரு மருந்துக்கடை மாடியில் இருக்கிறார். ராயப்பேட்டைப் பெண், சிரிக்காமல் பேசுகிறவர். என் போனை வாங்கி வெகுநேரம் பார்த்தார். என்னுடைய படத்தின் மேல் ஓரத்தில் ஆறு பத்து என்று இருந்தது. அது கால்வே நேரம். சென்னையில் போன் தானாக நேரத்தை மாற்றிக்கொண்டதால், அதே படம் குரூப்பில் பதினொன்று நாற்பத்தொன்றுக்கு வந்ததாகக் காட்டியது.

"ஒரே போட்டோல ரெண்டு நேரம் இருக்கு மேடம். காலைல ஆறு மணிக்கு எடுத்ததுன்னு போலீஸ் தரப்புல சொல்லுவாங்க. நீங்க கூண்டுல ஏறி விளக்கினாத்தான் இது நிக்கும்" என்றார் ரெஹானா. "இன்னொண்ணு. இந்த க்ரூப்புல அந்த வாரத்துல இருக்கறதை அப்படியே பிரிண்ட் எடுத்துக் குடுக்கணும். நடுவுல ஒண்ணை உருவினா முழுசையும் சந்தேகப்படுவாங்க."

அவர் எதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறார் என்று தெரிந்தது. அதை மட்டும் விட்டுவிட முடியாதா என்று ஒரு நொடி கேட்கத்தான் வாயெடுத்தேன். கேட்கவில்லை என்பதை என் பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியாது. அதற்குள் ஏழுமலையும் தேவியும் மாடிப்படி ஏறி வந்துவிட்டார்கள்.

ஏழுமலை ஜாமீனில் வந்திருந்தார். வலது மணிக்கட்டு எலும்பு கோணலாகக் கூடியிருந்தது. சிமென்ட் பூசுகிற கரண்டியைப் பிடித்தால் விரல் விட்டுவிடுகிறதாம். மாஜிஸ்ட்ரேட் முன்னால் நிறுத்தியபோது, யாராவது அடித்தார்களா என்று கேட்டார்களா என்றேன்.

"கேட்டாரு கா. இன்னா சொல்றது? பின்னாடி அடிச்சவரு நின்னுகினு கீறாரு. வழுக்கி வுழுந்துட்டேன்னு சொன்னேன்." கோணல் மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினார். "இருவது வருசமா பாத்ரூமுக்கு டைல்ஸ் போடறேன். நானே என் வாயால சொன்னேன், வழுக்கி வுழுந்துட்டேன்னு."

ரெஹானா எடுத்த பிரிண்ட் தாள்களை அவர் இடது கையால் வாங்கினார். டைல்ஸ் பிடித்திருக்கும் தன் படத்தைப் பார்த்தார். அடுத்த தாளுக்குப் போனார். அங்கே மாவுக்கட்டு, அதன் கீழே என் பெயர், மூன்று சிரிப்பு முகம், நோரா வந்து தரையைச் சரிசெய்யட்டும் என்கிற என் நகைச்சுவை. தமிழில்தான் எழுதியிருந்தேன், எழுத்துக்கூட்டிப் படித்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே பேசினார்.

"வுடுங்க கா. எங்க சித்தப்பா வூட்டு க்ரூப்லயும் இந்தப் போட்டோ வந்துது. அவங்களும் சிரிச்சாங்க, நான்தான்னு தெரியாம."

தேவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் அப்படியொன்றும் விட்டுவிடவில்லை. அது எனக்கு ஆறுதலாக இருந்தது. ரெஹானா நீட்டிய வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டேன். அதில் ஏழுமலை வேலை செய்த இடத்துக்கு மயிலாப்பூர் வீட்டு விலாசமும், என் இருப்பிடத்துக்குக் கால்வே விலாசமும் இருந்தன. வழக்கு எப்போது விசாரணைக்கு வரும் என்று கேட்டேன். சொல்ல முடியாது, வரும்போது நீங்கள் வர வேண்டும் என்றார்.

மீதி நாட்களில் அண்ணன் என்னோடு பேசவில்லை. தினமும் காலையில் அம்மா குளிக்கப் போவதற்கு முன் அந்த மூலைத் தண்ணீரை நான் துணியால் ஒற்றி எடுத்தேன். கிளம்பும்போது அண்ணி மட்டும் வாசல்வரை வந்து, "கேட்டா நானும் சொல்றேன்" என்றார். கேட்பார்களா, அப்போது அண்ணன் விடுவானா, தெரியாது. கால்வே வந்து போனைத் திறந்தபோது, அண்ணன் என்னைக் குரூப்பிலிருந்து எடுத்துவிட்டிருந்தான். பழையதையெல்லாம் படிக்கலாம், எதுவும் எழுத முடியாது. போன் மறுபடி இந்த ஊர் நேரத்துக்கு மாறியிருந்தது. ஏழுமலை டைல்ஸைப் பிடித்துக்கொண்டு நிற்பது மறுபடி காலை ஆறு மணி ஆகிவிட்டது.

வேலைக்குப் போன முதல் நாள் நோரா என் ஜனவரிப் படிவத்தோடு வந்தாள். பாத்ரூமுக்குப் புதுத் தரை போட்டாகிவிட்டது, படிவத்தை முடிக்க என் கையெழுத்து வேண்டும். போட்டுக் கொடுத்தேன். அப்போது நினைவு வந்தவளாக, "உங்கள் ஊரில் அந்தத் தரையைச் சரிசெய்துவிட்டார்களா?" என்று கேட்டாள். இந்த முறை கேலி எதுவும் கலக்காமல், தெரிந்த சொற்களை வைத்து, முதலிலிருந்து சொன்னேன். என் சிரிப்பு முகங்களையும் சொன்னேன். நான் கையெழுத்துப் போட்ட படிவத்தை மடியில் வைத்தபடி அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அவளுக்குத் தெரிந்த கேள்வியைக் கேட்டாள்.

"சாட்சி யாராவது இருக்கிறார்களா?"

"நான் இருக்கிறேன்" என்றேன்.

"நீ இங்கே அல்லவா இருக்கிறாய்?" என்றாள் நோரா.