ஆம்ப்ரோஸ் கியோவின் மேல்பந்து

அந்தக் கோடையில் நாற்பது நாள் ஆம்ப்ரோஸ் கியோவுக்கு நான்தான் தலை சீவிவிட்டேன். எங்கள் பேஸ்பால் அணியில் அவன் பந்து வீசுபவன். நான் மட்டைக்காரனுக்குப் பின்னால் நின்று வெறுங்கையால் பிடிப்பவன்.

ஆம்ப்ரோஸ் பதினோரு வயதில் பென்சில்வேனியாவின் நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவன். இருபத்திரண்டில் சம்பளம் கொடுத்து விளையாட அழைத்துவந்தார்கள். மூன்று வருடம் ஓடியது. ஆயிரத்து எண்ணூற்று எண்பத்துநாலில் இன்னொரு பந்துவீச்சாளன் சொல்லாமல் போய்விட, எல்லா ஆட்டமும் இவன் தலையில் விழுந்தது. ஆகஸ்டில் வலது கை நெஞ்சுக்கு மேல் எழவில்லை. இடது கையால் சீவினால் வகிடு கோணும். தலை கலைந்திருந்தால் குடித்தவன் என்று முடிவுகட்டுவான் எங்கள் கேப்டன் ஹோபர்ட். அதனால் காலையில் கதவைச் சாத்திக்கொள்வோம். ஆம்ப்ரோஸ் தலையைக் குனிவான்.

"நேரா இருக்கா?"

"உன் பொண்டாட்டி பாத்தா மறுபடியும் ஏமாந்துடுவா."

"கை விஷயம் வெளியே போகக் கூடாதுடா. சுரங்கத்துலகூட இந்தக் கைய எடுத்துக்க மாட்டான்."

இடுப்புக்கு மேலே வரும் மேல்பந்து வேண்டுமா, கீழே வரும் கீழ்ப்பந்து வேண்டுமா என்று அப்போதெல்லாம் மட்டைக்காரன்தான் சொல்வான். கேட்ட உயரத்தில் வீச வேண்டும். ஆம்ப்ரோஸின் மேல்பந்து என்றால் பயம். எல்லோரும் கீழ்ப்பந்தே கேட்டார்கள். கை எழாததால் மேல்பந்தில் இப்போது வேகமில்லை; அந்தப் பயம்தான் அவனிடம் மிச்சம்.

ஓஹையோவில் ஒரு சனிக்கிழமை, எட்டாவது சுற்று. இரண்டு ஓட்டம் முன்னால் இருந்தோம். வியர்வையில் மயிர் கண்ணில் விழ, ஆம்ப்ரோஸ் என்னிடம் நடந்துவந்தான். இடது கையில் பந்து. தலையைக் குனிந்தான். நான் யோசிக்கவில்லை. விரலால் ஒதுக்கிவிட்டேன்.

மட்டையோடு நின்ற எதிரணிக் குரோத்தர் சிரித்தான். "என்னப்பா, பொண்ணுக்கு அலங்காரமா?"

பிறகு தொங்கிய வலது கையைப் பார்த்தான். நடுவரிடம் திரும்பினான்.

"மேலே."

பந்து குழந்தைக்குப் போடுவதுபோல் வந்தது. வேலியைத் தாண்டிப் போயிற்று. அடுத்தவனும் மேலே என்றான். அதற்கடுத்தவனும்.

ஆம்ப்ரோஸிடம் ஓடினேன். காயம் என்று எதிரணிக் கேப்டன் ஒப்புக்கொண்டால் ஒருவன் வெளியேறலாம்.

"கேட்டுப் பாக்கறேன்."

"கேட்டா ஹோபர்ட்டுக்குத் தெரிஞ்சுடும். போய் நில்லு."

"இப்பவே தெரியுது."

"போய் நில்லுடா."

அந்தச் சுற்றில் பதினோரு ஓட்டம் கொடுத்தோம். கடைசியில் வந்தவர்கள் அவன் முகத்தைப் பார்க்காமல் மெதுவாகத்தான் கேட்டார்கள். மேல்பந்துதான் கேட்டார்கள்.

ஆட்டம் முடிந்ததும் ஹோபர்ட், மிச்சச் சம்பளத்தைப் பையில் வைத்து, ஆம்ப்ரோஸின் கோட்டைக் கொண்டுவந்து நீட்டினான். ஆம்ப்ரோஸ் இடது கையால் வாங்கினான்.

மறுநாள் ஸ்டேஷனில் தொப்பிக்குக் கீழே வகிடு காதுவரை கோணியிருந்தது. சீப்பை எடுத்தேன். அவன் குனியவில்லை.

"குரோத்தர் முன்னாடி ஏண்டா தொட்டே?"

ரயில் வந்தது. பெட்டியை நான் தூக்கிக் கொடுத்தேன். கம்பியை இடது கையால் பிடித்து ஏறினான்.