எந்த மஞ்சச் சட்டி?

ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் அவளுக்கு மடிப்பு என்று பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயரை அங்கே யாரும் கூப்பிட்டதில்லை. உருளை இயந்திரத்திலிருந்து கொதிக்கக் கொதிக்க வெளியே வரும் விரிப்பை நாலு மூலையும் சேர்த்து அவள் மடித்து வைத்தால், அந்த விளிம்பில் காய்கறி நறுக்கலாம் என்பார்கள். மேல்மாடி நோயாளி ஒருவர் அவள் மடித்த விரிப்பைக் கலைக்க மனம் வராமல் தரையிலேயே படுத்துக் குணமாகி வீட்டுக்குப் போய்விட்டாராம். நம்புகிறவர்கள் நம்பலாம்.

துணியை மட்டுமல்ல, பேச்சையும் மடித்து உள்ளே வைக்கிறவள் அவள். அப்படி வைத்ததில் ஒன்று நாலு மாதமாக நெஞ்சுக்குள் கல்லாகக் கிடந்தது. வீட்டுக்காரருக்குத் தெரியாமல் அவள் வேலைக்குச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தாள்.

வீட்டுக்காரர் நகரப் பேருந்து ஓட்டுநர். அவர் ஹாரன் அடித்தால் மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் காக்கை எதற்குக் கத்த வந்தோம் என்பதையே மறந்துவிடும். மற்றபடி நல்ல மனுஷர்தான். ஆனால் ஒரு நாள் முன்னால் போன லாரிக்கு அடியில் ஒரு சைக்கிள் போனதைப் பார்த்துவிட்டார். ஆள் தெரியவில்லை. கைப்பை ஒன்று சாலையின் குறுக்கே உருண்டு வந்து அவர் பேருந்தின் முன்சக்கரத்தில் முட்டி நின்றது. அன்று மாலையே வீட்டிலிருந்த பழைய சைக்கிளை யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டு, "இனிமே இந்த வீட்டுல யாரும் சைக்கிள்ல ஏறக் கூடாது" என்றார். அது பயம். பயம் அதிக நாள் பழுத்தால் கோபமாகத்தான் கனியும். நாளடைவில் சைக்கிளில் போகிற எல்லோர் மேலும் அவருக்கு ஆத்திரம் வந்தது. செத்துப்போவதற்கென்றே தன் சாலைக்கு வருகிறார்கள் என்று நினைத்தார்.

ஆஸ்பத்திரி வேன் வீட்டுத் தெரு முனையிலிருந்து அவளை ஏற்றிப்போகும் வரை சிக்கலில்லை. வேனை நிறுத்திவிட்டார்கள். எந்தப் பேருந்தும் அவர்கள் தெருப்பக்கம் வராது, விடியற்காலை முறைக்கு வேறு வண்டியும் கிடையாது. வேலையை விடுவதா என்று அவள் தவித்தபோது, கஞ்சிதான் வழி சொன்னாள். கஞ்சி என்பது கூட வேலை செய்யும் மூத்தவள். டாக்டர்கள் கோட்டுக்குக் கஞ்சி போடுகிறவள், தானும் அதே விறைப்பு. துணிக்கொடிகளுக்கு நடுவே மடிப்புக்குச் சைக்கிள் ஓட்டப் பழக்கி, தன் வீட்டுக் கொல்லையில் அவளுக்கென்று ஒரு சைக்கிளையும் நிறுத்தி வைத்தாள். புதுக் கட்டடம் முடிந்தபோது கொத்தனார்கள் விட்டுப்போன கெட்டியான மஞ்சள் பாதுகாப்புத் தொப்பிகள் ஒரு குவியல் கிடந்தன. சலவைப் பெண்கள் ஏழெட்டுப் பேரும் ஆளுக்கொன்றை மாட்டிக்கொண்டார்கள். எல்லோருக்கும் ஒரே நீல மேலங்கி, தூசிக்கு முகத்தை மூடிய துணி. பின்னாலிருந்து பார்த்தால் ஒருத்திக்கும் இன்னொருத்திக்கும் வித்தியாசம் தெரியாது.

பாலத்திலிருந்து ஆஸ்பத்திரி வரை அந்தச் சாலை விமானம் இறங்கலாம்போல அகலமாக, நேராகக் கிடக்கும். விளிம்பில் மணல். மணலுக்கு அப்பால் மூடி உடைந்த சாக்கடை. லாரி கடந்தால் முதலில் காற்று தள்ளும். அது முடிந்ததும் ஒரு இழுப்பு வரும், சக்கரத்துக்கு உள்ளே வா என்று கூப்பிடுகிற மாதிரி. மடிப்பு தினமும் பல்லைக் கடித்துக்கொண்டு அந்த இழுப்பைக் கடந்தாள். எந்த வண்டிக்கும் இல்லாத நடுக்கம் ஒரே ஒரு ஹாரனுக்கு வந்தது. பின்னால் அது கேட்டதும் முதுகுத்தண்டில் பனிக்கட்டியை வைத்ததுபோலாகிவிடும். படுக்கையில் பக்கத்தில் குறட்டை விடுகிறவரின் ஹாரன் அது.

ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின்போது அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"அந்த மஞ்சச் சட்டி இன்னிக்கும் வந்தா."

"எந்தச் சட்டி?" என்றாள்.

"தலையில மஞ்சச் சட்டியக் கவுத்துக்கிட்டு ஒருத்தி தெனமும் வர்றா. பாம்பு மாதிரி வளைஞ்சு வளைஞ்சு ஓட்டுறா. நாளைக்கு அவளுக்கு ஒரு பாடம் நடத்தப் போறேன்."

"என்ன பண்ணுவீங்க?"

"இடிக்க மாட்டேன், பயப்படாத. ஒரு சாண் விட்டு உரசுற மாதிரி போவேன். அப்புறம் அவ இந்த ரோட்டுப் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்க மாட்டா. எல்லாம் அவ நல்லதுக்குத்தான்."

சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் சைக்கிள் போகும், சைக்கிளோடு வேலையும் போகும். "இன்னும் கொஞ்சம் போடட்டுமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நாளைக்கு ஒரு நாள் லீவு போட்டால் தீர்ந்தது என்று முடிவு செய்துகொண்டுதான் படுத்தாள். விடியும் முன் அவர் பணிமனைக்குக் கிளம்பிப் போனபின் அந்த முடிவில் ஓட்டை தெரிந்தது. அவர் கண்ணுக்கு எல்லாச் சட்டியும் ஒரே சட்டி. தான் போகாவிட்டால் அதே முறைக்குப் போகிற கஞ்சி மாட்டுவாள். ஓட்டுகிற நேரத்தில் அவர் போன் எடுக்கவும் மாட்டார். மடிப்பு கஞ்சியின் வீட்டுக்கு ஓடினாள்.

"அக்கா, இன்னிக்கு நீங்க போகாதீங்க. எங்க வீட்டுக்காரர் உரசப் போறேன்னு சொல்லிட்டுப் போயிருக்கார்."

"உன் புருஷனுக்கு நீ பயப்படலாம், அதுக்காகத் தாலி கட்டியிருக்கான். எனக்கு என்ன கேடு?" என்று கஞ்சி தொப்பியை மாட்டிக்கொண்டாள். "நான் ரோட்டுல போகாட்டி டாக்டருங்க சட்டையில்லாமத்தான் ஆபரேஷன் பண்ணணும். தள்ளு."

போயே போய்விட்டாள். மடிப்பு தன் சைக்கிளை எடுத்துக்கொண்டு பின்னால் விரைந்தாள். முன்னால் போகவில்லை, கஞ்சிக்குப் பின்னாலேயே போனாள். பேருந்து முதுகுப் பக்கமிருந்துதானே வரும்? முதலில் யார் அகப்படுவது என்று கணக்குப் போட்டுத்தான் அந்த இடத்தைப் பிடித்தாள்.

பாலம் இறங்கியதும் அந்த ஹாரன் கேட்டது.

திரும்பிப் பார்த்தால் சைக்கிள் வளையும். பார்க்காவிட்டால் எவ்வளவு தூரம் என்று தெரியாது. இன்ஜின் சத்தம் காதில் கேட்பதை விட்டுவிட்டு விலா எலும்பில் கேட்டது. தொப்பியைக் கழற்றலாமா, முகத்துணியை அவிழ்க்கலாமா, ஒரு கையை எடுத்தால் விழுந்துவிடுவோமே என்று நினைப்பதற்குள் தோளுக்குப் பக்கத்தில் ஒரு சுவர் நகர ஆரம்பித்தது. பச்சைச் சுவர். அதில் எழுதியிருந்த ஒவ்வொரு எழுத்தும் ஓர் ஆள் உயரம். சுவர் முடியவே இல்லை. உலகத்திலேயே நீளமான பேருந்தாக அன்று அது நீண்டுகொண்டே போனது. அப்புறம் காற்று தள்ளியது. மணல் சக்கரத்தைப் பிடித்தது. முழங்கை தரையில் தேய, தொப்பி சாக்கடை மூடியில் மோதி டங்கென்றது. தொப்பி இல்லாவிட்டால் மோதியிருப்பது தலை.

பேருந்து நிற்கவில்லை.

கஞ்சி சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். அவளுடைய விறைப்பெல்லாம் கலைந்துபோயிருந்தது. "உசுரு இருக்கா? ஏய், வாயத் தொறந்து சொல்லுடி, உசுரு இருக்கா?"

"இருக்கு அக்கா. அவர் கண்ணாடியில பாத்திருப்பாரா?"

"பாத்துட்டுப் போயிருந்தா மனுஷனே இல்ல. பாக்காமப் போயிருந்தா டிரைவரே இல்ல."

அன்று மாலை அவர் சீக்கிரமே வந்துவிட்டார். "பாடம் முடிஞ்சுது. சட்டி உருண்டுது" என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியிலேயே இறங்கிக்கொண்டது. "எழுந்துட்டாளான்னு தெரியல. கண்ணாடியப் பாக்கப் பயமா இருந்துச்சு. அடுத்த ட்ரிப்புல அந்த இடம் வந்ததும் கண்ண வேற பக்கம் திருப்பிக்கிட்டேன்" என்றார்.

மடிப்பு சாப்பாட்டுத் தட்டை வைக்கிற இடத்தில் மஞ்சள் தொப்பியை வைத்தாள். உள்ளேயிருந்து கொஞ்சம் மணல் மேசையில் கொட்டியது. பிறகு மேலங்கியின் கையைச் சுருட்டி முழங்கையில் போட்டிருந்த கட்டைக் காட்டினாள்.

அவருக்கு விளங்க நேரமாயிற்று. விளங்கியதும் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். தொப்பியைத் தொடப் போன கையை, அது கொதிக்கிற பாத்திரம்போல, இழுத்துக்கொண்டார். அவ்வளவு பெரிய ஹாரனை வைத்திருக்கிறவருக்கு அன்று வந்தது சைக்கிள் மணியளவு குரல்.

"வேலைய விட்டுடு" என்றார்.

"மாட்டேன்."

"அப்போ தொப்பியில ஒரு செவப்புத் துணி கட்டிக்க. தூரத்துலயே நீதான்னு எனக்குத் தெரியணும்."

"எதுக்கு? மத்தவளுங்கள உரசுறதுக்கா? அவளுங்க வீட்டுலயும் யாரோ ஒருத்தர் சாப்பிடக் காத்துக்கிட்டுத்தான் இருக்காங்க. கட்ட மாட்டேன். நீங்களே கண்டுபிடிங்க."

பின்னாலிருந்து எப்படிக் கண்டுபிடிப்பது? மறுநாள் பாலம் இறங்கியதும் அவர் எதிரே நாலு மஞ்சச் சட்டி. எது தன்னுடையது? நாலுக்கும் பின்னால் அவர் பேருந்து ஊர்ந்தது. ஒரு பயணி இறங்கிக் கடையில் சாமான் வாங்கிக்கொண்டு நடந்தே வந்து அதே பேருந்தில் மறுபடி ஏறினார் என்று ஊரில் பேச்சு. நாள்கணக்கில் அப்படியே ஓட்டினார்.

ஆனால் அதனால் ஆபத்து கூடியதுதான் மிச்சம். பின்னால் பொறுமையிழந்த லாரிகள் அவரை முந்திக்கொண்டு வந்து, நேராகச் சைக்கிள்களின் முன்னால் ஒடித்துத் திரும்பின. ஒருமுறை லாரியின் பின்சக்கரம் கஞ்சியின் சைக்கிள் கைப்பிடியை இடித்துவிட்டுப் போனது. அந்த நாள் அவர் வீட்டுக்கு வந்து, "நான் ஒருத்தன் மெதுவாப் போய் என்ன? அந்த ரோடு எல்லாரையும் பறக்கச் சொல்லுது" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தார். அவருடைய பயம் தன்னுடையதைவிட மோசம் என்று மடிப்புக்கு அன்றுதான் தெரிந்தது.

சாலையைக் குறுக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஓட்டுநர்கள் எதிர்த்துக்கொண்டிருந்தார்கள். சத்தம் அதிகம் போட்டவர் இவர்தான். பணிமனை உணவுக்கூடத்தில் கூட்டம் நடந்தது. சாலைத் துறைப் பொறியாளர் பெண் வரைபடத்தைச் சுவரில் ஒட்டினாள்: விளிம்பில் கல் வைத்துப் பிரித்த சைக்கிள் பாதை, குறுகிய வண்டிப் பாதை, ஆஸ்பத்திரி வாசலில் ஆட்கள் நடந்து கடக்க மேடாக உயர்த்திய கடவை. கடைசி வரிசையில் மஞ்சள் தொப்பிகளை மடியில் வைத்துக்கொண்டு சலவைப் பெண்கள்.

"நம்ம ஹாரன் எழுந்துட்டாரு. இனி வரைபடம் கிழிஞ்சுது" என்றான் ஒரு ஓட்டுநர்.

அவர் எழுந்து நின்று தன் செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அகலத்தக் குடுக்காதீங்கம்மா. குடுத்தா மிதிப்போம். நானும் மிதிச்சேன். முந்துறதுக்கு இடமே இல்லாமப் பண்ணுங்க."

கூட்டம் ஊளையிட்டது. "என்ன அண்ணே, பொண்டாட்டி உத்தரவா?"

"பொண்டாட்டி எதுன்னு தெரியாமத்தான்டா நான் தவிக்கிறேன்!"

சிரித்த சிரிப்பில் உணவுக்கூடத்துத் தகரக் கூரை ஓர் அடி மேலே போய்த் திரும்பி வந்து உட்கார்ந்தது. அவர் சிரிக்கவில்லை. கடைசி வரிசையில் ஒருத்தி தொப்பியால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

கல் நட்டார்கள், மேடு போட்டார்கள், சாலை இடுப்பைச் சுருக்கிக்கொண்டது. முதல் நாள் காலை மடிப்பு கல்லுக்கு இந்தப் பக்கம் ஓட்டிப் போனாள். பின்னால் கனமான இன்ஜின் ஒன்று வந்தது. பின்கழுத்து மயிர் குத்திட்டு நின்றது. பயம் வாடகை தராத குடித்தனக்காரன். காலி செய் என்றதும் போய்விட மாட்டான். பச்சைச் சுவருக்காக அவள் தோளைக் குறுக்கிக்கொண்டு காத்திருந்தாள். அது வந்தது, கல்லுக்கு அந்தப் பக்கம், ஒவ்வொரு எழுத்தாக நிதானமாகக் கடந்தது. அதன் பின்னால் இன்னொன்று. அதற்கும் பின்னால் ஒரு லாரி, மேட்டில் கிழவர்போல மூச்சுவாங்கி ஏறி இறங்கியது. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியபோது கைப்பிடியிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது.

இரவு அவர் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து ஆவலாகக் கேட்டார்:

"காலையில உன் பக்கத்துல போனேனே, பாத்தியா?"

"எது நீங்க?" என்றாள் மடிப்பு. "எல்லாப் பஸ்ஸும் ஒரே மாதிரிதான் போச்சு."