தொட்டிக்கும் குழாய்க்கும் நடுவில்

என் தம்பி அம்மாவின் வயிற்றில் இருந்தபோதுதான் எங்கள் வீட்டுக்கு எவர்சில்வர் தொட்டி வந்தது. சேலத்தில் பாத்திரப் பட்டறையில் வேலை பார்த்த மாமா, அக்காவுக்காக அதை வேனில் ஏற்றிக் கொல்லிமலைக்குக் கொண்டுவந்தார். மேட்டு ஊற்றுத் தண்ணீர் சாயங்காலம் ஒரு நேரம்தான் எங்கள் முறைக்கு வரும். தொட்டியை நிரப்பிவிட்டால் மறுநாள் முழுக்கக் கவலையில்லை. தொட்டியின் அடியிலிருந்து சமையலறைக்குப் போகும் இரும்புக் குழாய் அப்பா போட்டது.

மூன்றே மாதத்தில் தொட்டியும் குழாயும் சேரும் இடத்தில் இரும்பு அரித்து ஒழுகத் தொடங்கியது. விடிவதற்குள் தொட்டி காலியாகிவிடும். அம்மா வயிற்றைத் தள்ளிக்கொண்டு குடத்தோடு மேடு ஏறுவார்.

அப்பா பேளுக்குறிச்சி சந்தைக்கு இறங்கிப் புதுக் குழாய் வாங்கி வந்தார். அதுவும் அதே இடத்தில் போனது.

"எவர்சில்வர் எந்தக் காலத்துலயும் துருப்பிடிக்காதுங்க மச்சான். உங்க இரும்புதான் சரியில்லீங்க" என்றார் மாமா.

"ஏனுங்க, எந்தம்பி தொட்டியவே கொண்டாந்து வெச்சிருக்கான். உங்களால ஒரு நல்ல குழாய் பாத்து வாங்க முடியாதுங்களா?" என்றார் அம்மா.

இதற்கு முன் இருந்த சிமெண்ட் தொட்டியில் அப்பாவின் முதல் குழாய் பல வருடம் ஒழுகாமல் இருந்தது. அதை யாரும் சொல்லவில்லை.

அம்மாவுக்கு நாள் நெருங்கியது. அப்பா அரித்த பகுதியை அறுத்தெடுத்துவிட்டு, தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் பிளாஸ்டிக் டியூபில் ஒரு முழம் வெட்டித் தொட்டிக்கும் குழாய்க்கும் நடுவில் செருகி, இரு முனையையும் கம்பியால் இறுக்கினார்.

குழந்தை பார்க்க வந்த மாமா அதைக் கண்டதும் நின்றுவிட்டார். "என்னங்க மச்சான், தொட்டிக்குக் குளுக்கோஸ் ஏத்தறீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். "அடுத்த சந்தைக்கு மாத்திடறேன் மாப்ளே" என்றார். எனக்குத்தான் அவமானமாக இருந்தது. விருந்தாளிகள் வரும்போதெல்லாம் டியூப் மேல் ஒரு சாக்கைப் போட்டு மூடினேன்.

டியூபை அப்பா மாற்றவேயில்லை. குழாய் அதன்பின் ஒழுகவும் இல்லை.

வெவ்வேறு இரண்டு உலோகம் ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டிருந்தால் ஒன்று பளபளப்பாகவே இருக்கும், மற்றது கரையும் என்று பன்னிரண்டாம் வகுப்பில் படித்தேன். பரீட்சையிலும் எழுதினேன். அப்போதும் வீட்டுத் தொட்டி ஞாபகத்துக்கு வரவில்லை. என் மகள் பிறந்தபின் எங்கள் வீட்டு மாடியில் எவர்சில்வர் தொட்டி வைத்து இரும்புக் குழாயை இணைக்க வந்தபோதுதான் வந்தது. இரண்டும் தொடாதபடி நடுவில் பிளாஸ்டிக் துண்டு போடச் சொன்னேன். போட்டார்கள். சரியாகப் போட்டார்களா என்று இன்றும் மாடியேறி இணைப்பைத் தடவிப் பார்க்கிறேன்.

அந்த ஒரு முழ டியூப், நல்ல குழாய் வாங்கத் தெரியாதவர் போட்ட ஒட்டு என்றுதான் அன்று நினைத்தேன். அப்பாவும் அப்படித்தான் நினைத்திருந்தார்.