பதினோரு காவல்கோபுரங்கள்

வெடித்திரியில் நெருப்பு வைக்கும் முன் கார்மேகம் மூன்று பாஷையில் கத்துவார். தமிழ், இந்தி, கடைசியாகப் பட்டாணியரின் பஷ்தூ. பஷ்தூ தெரிந்த ஆள் வெடி வைக்கும் இடத்தில் யாரும் கிடையாது, பழக்கம், அவ்வளவுதான். பிறகு பீடி ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டு மாப்பிள்ளை ஊர்வலம் போல நிதானமாக நடந்து வருவார். ஓடிப்போய்ப் பாறை மறைவில் பதுங்குவதெல்லாம் நாங்கள்தான்.

எழுபத்தைந்தில் அமீரகத்து மசாஃபி மலைச்சாலை வேலையில் நான் டைம்கீப்பர், அவர் வெடி வைப்பவர். பரமக்குடிப் பக்கத்து ஆள். இருபது வயதில் வெள்ளைக்காரன் பட்டாளத்தோடு ஆப்கன் எல்லையிலுள்ள வஜீரிஸ்தானுக்குப் போனவர். மசாஃபியின் மொட்டை மலைகளை அவர் மதித்ததே இல்லை.

"இதெல்லாம் ஒரு மலையா தம்பி? அங்கன பனி பேஞ்சா மீசை வெறைச்சு நிக்கும். ருஷ்யாக்காரன் வந்துருவான்னு வெள்ளைக்காரனுக்குப் பயம். அவன் வரவே இல்ல. நடுவுல கெடந்த மலைக்காரனத்தான் போயி அடிச்சோம். அவன் மட்டும் சும்மா விட்டானா? பாறைக்குப் பாறை துப்பாக்கி வச்சிருந்தான்!"

தன்னைச் சுட்டவர்களின் ஊருக்காக இப்படி ஏங்கிய மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அந்த ஏக்கத்துக்குத் துணையாக வந்து சேர்ந்தார் லாரி டிரைவர் குல் ஜமான். அதே மலையின் பட்டாணியர். இருவரும் ஒரே தட்டில் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டு, அங்கத்து அக்ரூட் மரங்களைப் பற்றிப் பட்டாள உருதுவில் பேசித் தீர்த்தார்கள். எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட.

ஒரு செவ்வாய்க்கிழமை குல் ஜமானின் லாரி முதல்முறையாக வெடி வைக்கும் இடத்துக்கு வந்தது. அன்று சாப்பாட்டில் அவர் கேட்டார்: "கார்மேகம் பாய், 'பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுங்கள்' என்று எங்கள் பஷ்தூவில் கத்தினாயே. இந்தக் கல்லுக்குள் ஏது பிள்ளைகள்? ஏழு வயதில் எங்கள் வாசலில் அதே சத்தம் கேட்டது. அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். எங்கள் வீட்டுக் காவல்கோபுரம் அன்றோடு போயிற்று."

கார்மேகம் ரொட்டியை வைத்துவிட்டு எழுந்து போனார். இரண்டு நாள் மெஸ் பக்கமே வரவில்லை.

"வெள்ளைக்காரன் இடிக்கச் சொன்னது பதினோரு கோபுரம் தம்பி. கத்துனதும் நாந்தான், திரி வச்சதும் நாந்தான். அதுல ஒண்ணு இவன் வீடா இருந்தா? அந்த மலையப் பத்திப் பேச எனக்கு இந்த ஒருத்தன்தான் இருக்கான்" என்று என்னிடம் அழுதார்.

வெள்ளிக்கிழமை, குல் ஜமான் தொழுகை முடித்து வந்த கையோடு, கார்மேகம் ஒரு செம்மறிக் கிடாயை இழுத்துக்கொண்டு அவர் அறைக்குக் கிளம்பினார். பகையாளி கிடாயோடு வாசலுக்கு வந்து மன்னிப்புக் கேட்டால் மறுக்கக் கூடாது என்பது அந்த மலையின் வழக்கமாம். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஆனாலும் பின்னால் போனேன்.

"பாய், கோபுரத்தை இடிச்ச பட்டாளத்துல நானும் ஒருத்தன்" என்றார் வாசலில் நின்று.

குல் ஜமான் கிடாயையே பார்த்துக்கொண்டிருந்தார், ஆளைப் பார்க்கவில்லை. உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் கூஜாவும் தோளில் துண்டும் இருந்தன. கார்மேகத்தின் கைகளைப் பிடித்து நீட்டி, சாப்பிட வந்த விருந்தாளிக்குக் கை கழுவ ஊற்றுவதுபோல, தானே தண்ணீர் ஊற்றினார்.