பேர் அழியாத வால்வுகள்

‘வரிசை எண் பதினான்கு. சிசிலியா, கணவர் பெயர் மத்தியாஸ். தினக்கூலி. தொழில் தெரியாதவர். பணி: பண்டகசாலையில் தூசி தட்டுதல்.’

வருகைப் பதிவேடு இப்படி வர்ணிக்கும் தொழில் தெரியாதவள், காலை பத்து மணிக்கு, சாத்தம் படகுத்துறையை ஒட்டிய வயர்லெஸ் பண்டகசாலையில், கவிழ்த்துப் போட்ட பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்து ஒரு ரேடியோ வால்வை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்திருக்கிறாள். கட்டைவிரல் பருமனில் ஒரு கண்ணாடிக் குமிழ். உள்ளே சின்னச் சின்ன உலோகக் கூடுகள். அடியில் ஊசி ஊசியாகக் கால்கள். தொழில் தெரிந்தவர்கள் மூன்று பேர் சற்றுத் தள்ளி நிற்கிறார்கள். ஒருவர் படகு வயர்லெஸ் ஆபரேட்டர், சான்றிதழ் உள்ளவர். ஒருவர் ஜங்லிகாட்டில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கும் குருநாதன். கையில் தூக்குச்சட்டி, அதற்குள் சோறு இல்லை, பழைய வேட்டித் துணியில் சுற்றிய எட்டு வால்வுகள். மூன்றாமவர் வேதநாயகம், பண்டகசாலைப் பொறுப்பாளர். மேற்படி பதிவேட்டை எழுதியவரும் அவர்தான்.

சிசிலியா கட்டைவிரலை நாக்கில் தொட்டு, குமிழின்மேல் அச்சிட்ட பெயரைத் தேய்க்கிறாள். பெயர் விரலோடு வந்துவிடுகிறது.

“அஸ்லி. கொண்டு போங்க.”

அடுத்ததைத் தேய்க்கிறாள். பெயர் அசையவில்லை. இன்னும் அழுத்தித் தேய்க்கிறாள். அப்போதும் பளபளவென்று சிரிக்கிறது.

“நக்லி. பேர எப்பிடிக் கெட்டியாப் புடிச்சிக்கிட்டு இருக்கான் பாருங்க!”

பெயர் அழிந்தால் அசல், அழியாவிட்டால் போலி. வேறு எந்தச் சரக்குக்கும் பொருந்தாத இந்த நியாயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. தொழிற்சாலைக்காரன் தன் பெயரை லேசாக ஒற்றிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறான், அவனுக்கு அவசரம். செத்த வால்வுகளைப் பழைய சாமான் கடையில் அள்ளி, குளிப்பாட்டி, புதுப் பெயர் சூட்டி விற்கிறவனுக்குத்தான் பெயர்மேல் அக்கறை அதிகம். நல்ல பெயிண்டாக வாங்கி, வெயிலில் காயவைத்து, நிதானமாக எழுதுகிறான்.

சிசிலியா இந்த ஒரு விதியை மட்டும் நம்பி உட்கார்ந்திருப்பவள் அல்ல. விரலுக்கு அடுத்தபடி கால்களைப் பார்க்கிறாள். ஏற்கெனவே ஏதோ பெட்டியில் செருகிப் பிடுங்கிய கீறல் இருந்தால், “புதுச் செருப்புங்கான். அடி தேஞ்சிருக்கே” என்பாள். பிறகு உச்சி மண்டை. புது வால்வின் மண்டையில் வெள்ளி பூசியதுபோல ஒரு திட்டு இருக்கும். உழைத்த வால்வில் அதன் ஓரம் பழுத்துப்போயிருக்கும். “நரைக்கிறதுக்குப் பதிலா இதுக்குப் பழுக்குது, அவ்வளவுதான். வயசு வயசுதான்.”

வேதநாயகம் ஒரு மீட்டர் வைத்திருக்கிறார். பட்டாளத்தில் சிக்னல் பிரிவில் இருந்தவர். மீட்டர்மேல் பக்தி உண்டு. மீட்டரும் சிசிலியாவும் பெரும்பாலும் ஒத்துப்போவார்கள். ஒத்துப்போகாத நாட்களில் அவர் மீட்டரைத் தட்டிப் பார்ப்பார். அவளைத் தட்டிக்கேட்பதில்லை.

இந்த ஞானம் ஒரு குற்றத்தில் பிறந்தது. எட்டு வருடங்களுக்கு முன், சிசிலியா வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வாரம். தூத்துக்குடிப் பக்கம் வேம்பாரிலிருந்து புருஷனோடு கப்பலேறி வந்தவள், ஷாதிபூரில் குடியிருந்தாள். இந்தத் தீவில் மழை எட்டு மாதம். பூஞ்சை பன்னிரண்டு மாதம். செருப்பில், ஜெபப் புத்தகத்தில், உப்பு ஜாடியின் மூடியில்கூடப் பூக்கும். பண்டகசாலையின் வால்வுகளிலும் பூத்திருந்தது. தூசி தட்டச் சொல்லித்தானே கூலி? சிசிலியா ஈரத் துணி எடுத்து, நாற்பத்தேழு வால்வுகளையும் தங்கம்போலத் துடைத்து அடுக்கிவைத்தாள். நாற்பதின் பெயர் துணியோடு போயிற்று.

வேதநாயகம் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எது எந்த வால்வு என்று கடவுளுக்குத்தான் தெரியும். “என்னம்மா செஞ்சு வச்சிருக்க?”

“எனக்கென்ன மாலும் சாப், என்ன தெரியும்? துடைக்கச் சொன்னிய, துடைச்சேன்.”

மூன்று நாட்கள் அவர் பக்கத்தில் அவளையும் உட்காரவைத்து, பேரில்லாத நாற்பதையும் வயிற்றைப் பார்த்து இனம் பிரித்தார். எதில் ஒரு கூடு, எதில் இரண்டு, எதன் கழுத்து நீளம் என்பது தண்டனையாக அவளுக்குப் பாடமாயிற்று. பெயர் போகாத ஏழு வால்வுகளையும் நல்ல பிள்ளைகள் என்று முன்வரிசையில் வைத்தார். இரண்டு மாதத்துக்குள் அந்த ஏழும் ஒவ்வொன்றாகப் படகுகளில் செத்தன. அழிந்த நாற்பதும் உழைத்துக்கொண்டிருந்தன. வேதநாயகம் ஏழு வால்வுக்கும் ஏழு கடிதம் எழுதினார். சிசிலியா விரலைப் பார்த்துக்கொண்டாள்.

வீட்டில் ரேடியோ கிடையாது. ஏன் என்று கேட்டால், “பகல் பூரா அதுக்க குடலப் பாக்கேன். வீட்டுக்குப் போயி அது பாடுறத வேற கேக்கணுமாக்கும்?” என்பாள். மத்தியாஸ் தீவுகளுக்கிடையே ஓடும் படகில் எஞ்சினுக்குக் கிரீஸ் போடுகிறவர். பத்து நாள் கடலில், நாலு நாள் வீட்டில். வந்த அன்று மீன் குழம்பு வைக்கிறவர் அவர்தான். “அவிய வச்சாத்தான் அது குழம்பு” என்று அவள் புகழ்வதில் சோம்பல் எவ்வளவு, உண்மை எவ்வளவு என்று பிரிக்க மீட்டர் இல்லை.

ஜங்லிகாட் கதை இதைவிட ருசியானது. அங்கே குருநாதன் கடைக்கு ஐம்பது அடி தள்ளி ஹால்தார் என்ற வங்காளியின் ரேடியோக் கடை. ஐந்து வருடமாக இருவருக்கும் பேச்சு இல்லை. ரிப்பேருக்கு வருகிறவர்களிடம் மட்டும் ஒருவரைப் பற்றி ஒருவர் தாராளமாகப் பேசினார்கள். ‘அவன் போடுறது பூரா நக்லி’ என்பது இரண்டு கடையிலும் ஒரே வசனம். இருவரும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர், தூக்குச்சட்டியில் வால்வு வைத்து, சாப்பாடு கொண்டுபோகிற பாவனையில் சிசிலியாவிடம் வந்தார்கள். ஒருவருக்குப் புதன், ஒருவருக்கு வெள்ளி. சிசிலியாவுக்கு ஒருநாள் அலுத்துவிட்டது. இருவரையும் சனிக்கிழமை மதியம் ஒரே நேரத்துக்கு வரச்சொன்னாள். வாசலில் தூக்கும் தூக்குமாகச் சந்தித்துக்கொண்டார்கள்.

“சோறு கொண்டாந்தேன்,” என்றார் குருநாதன், யாரும் கேட்காமலே.

“மேம் பீ,” என்றார் ஹால்தார். நானும்தான்.

“அப்ப சேந்து தின்னுங்க,” என்று சிசிலியா இரண்டையும் பிடுங்கி, மேசைமேல் ஒரே குவியலாகக் கொட்டினாள்.

தேய்த்துப் பிரித்தபோது, போலிகள் பத்திலும் ஒரே பெயிண்ட், ஒரே கை. குருநாதன் சரக்கு எது, ஹால்தார் சரக்கு எது என்று சொந்தக்காரர்களாலேயே சொல்ல முடியவில்லை. இரண்டு பேரும் கூரையைப் பார்த்தார்கள். கடைசியில் குருநாதன் மெல்ல, மதராஸில் தமக்கு வால்வு விற்கிறவன் இருக்கும் சந்தின் பெயரைச் சொன்னார். ஹால்தார் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

“ஒனக்கு மட்டுந்தான் தாரேன், வேற யாருக்கும் சொல்லாதன்னு சொன்னான்க்கா!” என்றார் குருநாதன்.

“முஜே பீ யஹீ போலா தீதி!” எனக்கும் அதையேதான் சொன்னான் அக்கா என்று ஹால்தார் கிட்டத்தட்ட அழுதார்.

“ரெண்டு பேரும் பேசாம இருந்தது அவனுக்குத்தான் நல்லாருந்திருக்கு,” என்றாள் சிசிலியா, துணியை உதறிக்கொண்டே.

அதன்பிறகு இரண்டு கடைக்கும் பண்டகசாலைக்கும் சேர்த்து, தொழிற்சாலையின் ஏஜெண்டுக்கே ஒரே கடிதம் போனது, வேதநாயகத்தின் இங்கிலீஷ். வருகிற சரக்குப் பெட்டியை எல்லார் முன்னிலையிலும் திறந்து, விரல் வைத்துப் பார்த்து, பிறகு பிரித்துக்கொள்வது என்று ஏற்பாடு. மாதம் ஒருமுறை கூடும் இந்தக் கும்பலுக்கு வேதநாயகம் ‘ஒருங்கிணைப்புக் குழு’ என்று பெயர் வைத்து, நடவடிக்கைக் குறிப்பும் எழுதுகிறார். அதில் சிசிலியாவின் பெயர் தவறாமல் உண்டு. ‘தேநீர்: சிசிலியா.’

சென்ற மே மாதம் படகுகளுக்காகத் துறைக்கு அறுபது வால்வுகள் வந்தன. வாங்கியது குழு அல்ல. மெயின்லேண்டில் யாரோ ஒரு காண்டிராக்டர் மூலம் வந்தது. அரக்கு முத்திரை, தரச் சான்றிதழ், எல்லாம் லட்சணமாக இருந்தன. சனிக்கிழமை காலை ஐந்து படகுகள் புறப்பட வேண்டும். மழைக்காலம் தொடங்குமுன் தெற்குத் தீவுகளுக்கு அரிசி போயாக வேண்டிய கடைசி நடை. அடுத்த கப்பல் வர மூன்று வாரம். வியாழக்கிழமை சிசிலியா பெட்டியைப் பிரித்தாள். மத்தியானத்துக்குள் மேசையில் இரண்டு குவியல்: பத்தொன்பது, நாற்பத்தொன்று.

கையெழுத்து வாங்க வந்த மேலதிகாரி இரண்டு குவியலையும் பார்த்தார். “யார் பிரிச்சது?”

வேதநாயகம் பதிவேட்டைக் காட்டவேண்டியதாயிற்று. அதிகாரி பதினான்காம் வரியை வாய்விட்டுப் படித்தார். “தூசி தட்டறவ சொல்றதுக்காக முத்திரை போட்ட சரக்கைத் திருப்பி அனுப்பச் சொல்றீரா? எல்லாத்தையும் படகுல ஏத்தும். நாளைலேருந்து இந்தம்மா வரவேண்டாம்.”

தினக்கூலிக்கு நோட்டீஸ் வேண்டாம். ஒரு கோடு போதும். அந்த ஐந்து படகில் ஒன்றில் மத்தியாஸ் போகிறார் என்பது வேதநாயகத்துக்குத் தெரியும். சிசிலியா அதைச் சொல்லவில்லை.

“சரி சாப், வரல. போறதுக்கு முன்ன ஒண்ணு. இந்தக் குவியல்ல நீங்களே ரெண்டு எடுங்க. வயர்லெஸ் பெட்டியில மாட்டி ஓட விடுங்க. நீங்க சாயா குடிச்சு, பக்கோடா தின்னு, மரம் அறுக்குற மில்லச் சுத்திப் பாத்துட்டு வாங்க.”

“மீட்டர்ல காட்டினா போறாதா?”

“மீட்டர் ஒரு நிமிசந்தான் கேக்கும் சாப். படகு பத்து நாள் கேக்கும்.”

அதிகாரி நாற்பத்தொன்றிலிருந்து தம் கையாலேயே இரண்டைப் பொறுக்கினார். ஆபரேட்டர் மாட்டினார். கரை நிலையத்தின் குரல் கணீரென்று கேட்டது. அதிகாரி சிசிலியாவை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பக்கோடாவுக்குப் போனார். ஒன்றேகால் மணி நேரத்தில் அந்தக் குரல் கொசு பாடுவதுபோல ஆயிற்று. அவர் திரும்பியபோது கொசுவும் இல்லை. பத்தொன்பதிலிருந்து இரண்டை மாட்டினார்கள். கணீர். இன்னொரு ஒன்றேகால் மணி நேரம் அவர் நாற்காலியைவிட்டு எழாமல் கேட்டார். கணீர்தான். பதிவேட்டை மூடி வேதநாயகத்திடம் கொடுத்தார். கோடு போடவில்லை.

ஐந்து படகுக்கும் சேர்த்து இருபத்தெட்டு வேண்டும், ஒன்பது குறைந்தது. வெள்ளிக்கிழமை சிசிலியா ஜங்லிகாட் போனாள். படகுப் பெட்டியிலும் வீட்டு ரேடியோவிலும் பாதி வால்வு ஒன்றேதான். குருநாதன் நாலு கொடுத்தார். குருநாதன் நாலு கொடுத்தார் என்று தெரிந்ததும் ஹால்தார் ஐந்து கொடுத்தார். படகுகள் சொன்ன நேரத்துக்குப் புறப்பட்டன.

மாட்டிப் பார்த்த இரண்டு போக மீதி முப்பத்தொன்பது போலிகளையும், விதிப்படி காண்டிராக்டருக்கே திருப்பி அனுப்ப வேதநாயகம் பெட்டியில் அடுக்கினார்.

“திரும்பிப் போனா அவன் என்ன செய்வான் சாப்?”

“குளிப்பாட்டி வேற பேர் போடுவான். வேற ஊருக்கு அனுப்புவான். விதி இருக்கேம்மா, என்ன செய்ய?”

அந்தப் பக்கோடாவின் பலன், ஜூனில் ஓர் உத்தரவு: எல்லா ஆபரேட்டர்களுக்கும் போலி உதிரிபாகங்களை இனங்காணப் பயிற்சி. பன்னிரண்டு பேர் தீவுதீவாக வந்தார்கள். குருநாதன் கடையிலிருந்தும் ஹால்தார் கடையிலிருந்தும் ஒவ்வொரு மெக்கானிக். வேதநாயகம் கரும்பலகையில் மூன்று நாள் எலெக்ட்ரானை ஓடவிட்டார். நாலாம் நாள் சிசிலியா துடைப்பத்தோடு வந்து, “மீட்டர அங்க வைங்க. பேப்பர அங்க வைங்க. கைய மட்டும் கொண்டாங்க,” என்றாள். வகுப்பு அப்போதுதான் தொடங்கியது. மேசையில் நல்லதோடு கலந்து அந்தச் செத்த இரண்டும் கிடந்தன.

“நான் சர்ட்டிபிகேட் உள்ளவன்,” என்றார் ஒருவர், விரலை நனைக்கக் கூச்சப்பட்டு.

“சர்ட்டிபிகேட்ட மாட்டினா படகு பேசுமா மக்கா? எச்சிலத் தொடு.”

முடிவில் பதினாலு பேருக்கும் சான்றிதழ் கிடைத்தது. சிசிலியாவின் வரியைத் திருத்தச் சொல்லி வேதநாயகம் மூன்று முறை எழுதினார். மூன்று முறையும் ஒரே பதில்: ‘தொழில் தெரிந்தவராக மாற்ற, பயிற்சிச் சான்றிதழின் நகலை இணைக்கவும்.’ அடுத்த வகுப்பில் அவளையும் மாணவியாகச் சேர்த்து ஒன்று கொடுத்துவிடலாம் என்று அவர் யோசனை சொன்னார்.

“என் கிளாஸ்ல நானே பெயிலாப் போயிட்டா?” என்று சிரித்துவிட்டு அவள் கரும்பலகையைத் துடைக்கப் போய்விட்டாள்.

பயிற்சிக்கு வந்த ஒருவர் மட்டும், அந்த முப்பத்தொன்பதையும் ஒருமுறை பார்க்கலாமா என்று கேட்டார். வேதநாயகம் பதிவேட்டைப் புரட்டிக் காட்டினார். ‘போலி, முப்பத்தொன்பது. கையாளும்போது உடைந்தன.’ கேட்டவர் சிசிலியாவைப் பார்த்தார். சிசிலியா ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மே மாதம் படகுகள் புறப்பட்ட அந்தச் சனிக்கிழமை, சாயங்காலம் ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போகவேண்டியவள் தூசி பாக்கி இருக்கிறது என்று நின்றுவிட்டாள். ஆறு மணிக்குப் படகுகள் ஒவ்வொன்றாகப் பேசின. ஐந்தாவது படகு இருபது நிமிஷம் தாமதமாகப் பேசியது. எஞ்சினில் கிரீஸ் போட நின்றார்களாம். அதைக் கேட்டு முடித்ததும் சிசிலியா, கட்டி வைத்திருந்த பெட்டியைப் பிரித்து, முப்பத்தொன்பது வால்வுகளையும் ஒரு சாக்கில் கொட்டி, மரமில்லிலிருந்து கொண்டுவந்த, இரும்பாய்க் கனக்கும் படாக் மரக்கட்டையால் ஒன்று விடாமல் அடித்து நொறுக்கினாள். பிறகு தரையைப் பெருக்கினாள்.